வாலைப் பிடித்தவன்

அத்தியாயம் 14

கேட்டின் கொண்டியை மாட்டாமல் விட்டவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரமே சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம் நான் அந்தத் தப்பை இன்னும் செய்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். பெருமாள் கோயில் காளை பண்ணை வாசலில் வந்து நின்றது. வெள்ளிதோறும் வரும். நான் இரண்டு வாழைப்பழம் கொடுப்பேன், தோலோடு தின்னும், என் புறங்கையை ஒரு தடவை நக்கிவிட்டுப் போய்விடும். என் கையால் ஒன்றை வாங்கி, குறை சொல்லாமல் போகிற ஒரே ஜீவன் அது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

அன்றைக்கு என் கையில் ஒரு பழம்தான் இருந்தது. சாமி மாட்டை அரைவயிறாக அனுப்பலாமா? இன்னொன்று எடுக்க உள்ளே ஓடினேன். கேட்டைச் சும்மா சாத்திவிட்டு ஓடினேன். போய்வர நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

நாலு நிமிடம் போதுமானதாக இருந்தது.

காளை கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, வரிசையாக நின்ற பதினோரு மாடுகளைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், கொட்டத்தின் கடைசியில் தனியாகக் கட்டியிருந்த அம்புஜத்திடம் நேராகப் போயிருக்கிறது. நான் வந்து நின்றபோது காரியம் முடிந்து இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக என் பக்கம் வந்து, அந்த இரண்டாவது பழத்தையும் வாங்கித் தின்றது.

இதில் என்ன பெரிய குற்றம் என்று புதிதாகப் படிக்க ஆரம்பித்தவர்கள் கேட்கலாம்.

அம்புஜம் சாதாரண மாடு இல்லை. கருப்பு வெள்ளைச் சீமை மாடு. வேளைக்குப் பதினோரு லிட்டர். ஒரு பால் கம்பெனி மதுரையைச் சுற்றி எல்லாப் பண்ணையும் ஏறி இறங்கி, கரு எடுப்பதற்கு இந்த ஒரு மாட்டைத்தான் தேர்ந்தெடுத்தது. நாலு நாளாகக் காலையும் மாலையும் அவளுக்கு ஊசி. சாதாரணமாக ஒரு முட்டை உண்டாகிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு உண்டாக வேண்டும். பிறகு உசத்தியான ஒரு காளையின் விந்தைக் கம்பெனி டாக்டர் வந்து செலுத்துவார். ஏழாம் நாள் கருக்களைக் கழுவி எடுத்து, சுற்றுப்பட்டு ஊர்களில் பன்னிரண்டு வீட்டு மாடுகளின் வயிற்றில் வைப்பார். சுமப்பது அந்த மாடுகள், பிறப்பது அம்புஜத்தின் பிள்ளைகள்.

டாக்டர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. கோயில் காளை ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டது.

பண்ணை என் அண்ணன் ராஜாராமுடையது. பசுமலை தாண்டி, திருநகர் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே. சாயமும் தறியும் ஜவுளியுமாக இருக்கிற எங்கள் சௌராஷ்டிர ஜனத்தில் சாணி அள்ளப் போனவர் அவர் ஒருவர்தான். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்கள். கம்பெனி அம்புஜத்தைத் தேர்ந்தெடுத்த கடிதத்தை அண்ணன் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பது அவர்களுக்காகத்தான்.

நான் கிரிதரன். சிம்மக்கல்லில் சுங்குடிச் சேலைக் கடை வைத்து, அதை வெற்றிகரமாக மூடியவன். பதினோரு மாதத்துக்கு முன்னால் அப்பாவின் காரியத்துக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். பண்ணைக்கு மேனேஜர் என்று பேர்.

அந்தக் காரியத்திலிருந்து அண்ணனும் நானும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பழைய வாசகர்களுக்குக் காரணம் தெரியும். பன்னிரண்டாம் நாள், கன்று தானம். செத்தவர் வைதரணி நதியைக் கடக்கும்போது அந்தக் கன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு போவாராம். அதற்காக மகன் வாலைப் பிடித்து, தண்ணீர் விட்டு, சாஸ்திரிகளிடம் கொடுக்க வேண்டும். மூத்தவர்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் கடைசி நிமிடத்தில் கை சுளுக்கு என்று சொல்லி வாலை என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிப்போனது. கடையைத் தொலைத்தவனுக்கும் ஒரு மரியாதை செய்கிறாரே என்று நினைத்தேன்.

கலங்கினால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கன்று இரண்டு எட்டு வைத்து நேராகத் தூணில் போய் முட்டியது. "அப்பா மாதிரியே கண்ணாடிய மறந்துட்டுக் கெளம்பிருச்சு" என்றேன். சாஸ்திரிகள் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்.

அந்தச் சாஸ்திரிகள் போன வாரம் இரண்டு தடவை பண்ணை வாசலில் வந்து நின்று அண்ணனைத் தேடியதையும், இரண்டு தடவையும் அண்ணன் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னதையும் பார்த்தோம். அதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காளையைப் பார்ப்போம்.

சத்தம் கேட்டு அண்ணன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்தார். பின்னால் அண்ணி ரங்கநாயகி, பால் வாளியோடு.

"ரங்கா, கேட்டைத் தெறந்து போட்டது யாருன்னு அவன்ட்ட கேளு."

அவன் என்றால் நான். ஆறடி தள்ளி நின்றேன்.

"நான்தான்னு சொல்லுங்க அண்ணி."

"எதுக்காம்?"

"காளைக்கு வாழைப்பழம் குடுக்க."

"கடையைத்தான் தொலைச்சான். இப்ப பண்ணைக்கு வாழைப்பழத்தோட வந்துருக்கான்னு சொல்லு. பால் கறக்கத் தெரியாது, சாணி அள்ளத் தெரியாது, ஒரு கொண்டி, அதை மாட்டத் தெரியாது. மூணு வேளையும் மேசையில வந்து உக்காரத் தெரியுது. அதையும் சொல்லு."

"நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்றாள் அண்ணி. "ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல."

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன். ஆனால் அண்ணன் என்னைத் திட்டுவது மட்டும் எப்போதும் நல்ல மதுரைத் தமிழில்தான். கேட்கிற எல்லோருக்கும் புரிய வேண்டுமே. அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் சுருளி. பண்ணையில் மாடு பார்க்கிறவர், ஐம்பது வயசு, அம்புஜத்துக்கு இரண்டு பிரசவம் பார்த்தவர். அவள் முதுகில் காளை அப்பிவிட்டுப் போன சேற்றை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"விடுங்க மொதலாளி. கோயில் காளைக்கு உண்டானாலாச்சும் கண்ணு தெரிஞ்சு பொறக்கும்."

 அண்ணன் வாயிலிருந்த பேஸ்ட் நுரை தாடையில் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"சுருளி, வேலையப் பாரு" என்றார். பிறகு எங்கள் பாஷைக்கு மாறி அண்ணியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். வெளியே போகக்கூடாத விஷயமெல்லாம் அந்தப் பாஷையில்தான். "காளை வந்தது டாக்டருக்குத் தெரியக் கூடாது. அவர் வழக்கம்போல சினை ஊசி போடட்டும். எவனாவது வாயைத் திறந்தால், இந்த வீட்டில் அவனுக்கு இன்று சாப்பிட்டதுதான் கடைசிச் சாப்பாடு. சொல்லிவிடு."

"சொல்ல வேண்டாம் அண்ணி," என்றேன், "கேட்டுச்சு."

அவர் போனதும் சுருளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சுருளியண்ணே, கண்ணு தெரிஞ்சு பொறக்கும்னா என்ன அர்த்தம்?"

"மாடு கழுவுறேன் சின்னவரே."

"அது தெரியுது. முன்னாடி பொறந்த கன்னுகளுக்குக் கண்ணுல எதுவும் கோளாறா?"

"அந்தத் தொட்டியில தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாத்துட்டு வாங்களேன்."

"அண்ணே."

"சின்னவரே," என்று முதல் தடவையாக நிமிர்ந்தார், "நீங்க வாழைப்பழம் குடுத்தீக, நான் வாயக் குடுத்துட்டேன். இன்னைக்கு ரெண்டு பேருக்குமே நேரம் சரியில்ல. போயிருங்க."

தொட்டியில் தண்ணீர் முக்கால் கிடந்தது. பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அம்புஜத்தைக் கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்தது அவள். அவள் தொட்டால்தான் அம்புஜம் பால் சுரப்பாள்.

"அண்ணி, அம்புஜம் போட்ட கன்னுகளுக்குக் கண்ணு நல்லாருந்துச்சா?"

"சட்னி போதுமா தம்பி?"

"அண்ணி."

"ஆறிட்டா வரட்டியாப் போயிரும். சாப்புடுங்க."

இன்னொரு தோசையை என் தட்டில் போட்டாள். நான் வேண்டாம் என்று கைகாட்டியும் போட்டாள். அண்ணியின் தோசையை வேண்டாம் என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதை அவளும் கவனித்தாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பத்து மணிக்கு டாக்டர் ஹரிநாராயணன் ஜீப்பில் வந்தார். நாற்பது வயசு, சட்டைப்பையில் நாலு பேனா, இடுப்பில் பேஜர். சிரிப்பதற்குக் கம்பெனி சம்பளம் தருவதில்லை என்கிற மாதிரி முகம். நைட்ரஜன் கேனைத் திறந்தார். வெள்ளைப் புகை கிளம்பியது. அதிலிருந்து பேனா ரீஃபில் மாதிரி, விந்து உறையவைத்த ஒரு மெல்லிய குழாயை இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த ஃபிளாஸ்க்கில் போட்டார். தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டார்.

"காலைலயே குளிப்பாட்டியாச்சா?"

"வெள்ளிக்கெழமை டாக்டர்" என்றார் அண்ணன்.

ஊசி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டாவது. அதோட சரி. அடுத்த வெள்ளி கருவ எடுத்துரலாம்" என்றார் டாக்டர். அண்ணன் அவருக்குக் காபி சொல்ல உள்ளே போனார். எனக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைத்தது.

"டாக்டர், ஒரு சந்தேகம். மாடு பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குப் பொறக்கிற கன்னுக்குக் கண்ணு தெரியாமப் போனா?"

கை கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மா. பொது அறிவு."

"தாய்கிட்டயும் மறைஞ்சிருக்கும், காளைகிட்டயும் மறைஞ்சிருக்கும். ரெண்டும் சேந்தா கன்னுல வெளில வரும். வேற காளைக்குன்னா வராம இருக்கலாம், ஆனா ரத்தத்துல ஓடிண்டே இருக்கும். அதனாலதான் மொதப் பக்கத்துலயே கன்னு விவரம் கேக்கறோம்." ஜீப்பிலிருந்து ஃபைலை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிரித்தார். "இது யார் கையெழுத்து?"

பார்த்தேன். அழகான கையெழுத்து. சேலைக் கடையில் போர்டு எழுதிப் பழகிய கை.

*முதல் கன்று: காளை. நிலை: நலம். தற்போது: விற்பனை.*

*இரண்டாவது கன்று: கிடாரி. நிலை: நலம். தற்போது: தானம்.*

கீழே சாட்சி: கிரிதரன். அண்ணன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால், அவர் சொல்லச் சொல்ல, அண்ணி திருப்பிச் சொல்ல, நான் எழுதியது. 'நலம்' என்ற வார்த்தைக்கு வால் எல்லாம் இழுத்துவிட்டிருந்தேன்.

"என் கையெழுத்துதான்."

"அப்ப என்னைக் கேட்டா எப்படி?" என்றார் டாக்டர். "ஒரு மாடு வருஷத்துக்கு ஒரு கன்னு போடும். அதுல கோளாறுன்னா அந்த வீட்டோட போயிடும். நான் பண்றது அப்படியில்ல. ஒரே நாள்ல பன்னண்டு வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கறேன். அத்தனை பேரும் ஒத்தை மாடு, ரெட்டை மாடு வச்சிருக்கவா. பொறக்கற கிடாரிய வளப்பா. அதுவும் கன்னு போடும். தெரியாம நடந்தா அது கஷ்டகாலம். தெரிஞ்சே எழுதினா அதுக்கு வேற பேரு."

"என்ன பேரு டாக்டர்?"

"கையெழுத்துப் போட்டது நீங்க. உங்களுக்குத்தான் தெரியணும்."

காபி வந்தது. அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மத்தியானம் எனக்கு ஒரு வேலை இருந்தது. கரு சுமக்கப் போகிற பன்னிரண்டு மாடும் அன்றைக்கே பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். பருவத்துக்கு வந்த மாடு விடாமல் கத்தும்; கத்தியதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வர வேண்டும். டி.வி.எஸ். ஐம்பதை மிதித்துக் கிளப்பித் தனக்கன்குளம் போனேன். கடைசி வீடு ஒச்சம்மாளுடையது.

ஒச்சம்மாளுக்குப் புருஷன் இல்லை. இருப்பது செவலை என்று ஒரு மாடு. இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் இந்தத் திட்டத்தைச் சொன்னபோது, அடுத்தவன் மாட்டுப் பிள்ளையை என் மாடு எதுக்குச் சுமக்கணும் என்று துரத்திவிட்டாள். நான் மூன்று தடவை போய், மூன்று தடவையும் சிரிக்கவைத்து, நாலாவது தடவை கைநாட்டு வாங்கினேன். கம்பெனி சொன்னதை அவள் நம்பவில்லை. என்னைத்தான் நம்பினாள். என்னை நம்பி ஒருவர் கைநாட்டு வைத்தது அதுவே முதல்.

"செவலை கத்துச்சாக்கா?"

"விடியக்காலைலருந்து கத்துறா. தெருவே முழிச்சிருச்சு." மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றாள். "தம்பி, ஒண்ணு கேக்கணும். போன சித்திரையில இவளுக்குக் கன்னு செத்துப் பொறந்துச்சு. மூணு நாளு அந்த எடத்தையே மோந்து மோந்து நின்னா. இன்னொருக்க அதை என்னால பாக்க முடியாது. நீ குடுக்கப்போறது நல்ல கன்னுதான?"

"அக்கா, அம்புஜத்துக்குப் பொறந்தா சினிமாவுல சேத்துக்கிருவாங்க. நீங்க மாட்டைப் பாப்பீகளா, கன்னுக்கு மேக்கப் போடுவீகளா, அதான் கவலை."

"சிரிக்காமச் சொல்லு."

எனக்குச் சிரிக்காமல் சொல்ல வராது. முப்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்டதும் இல்லை. நான் செவலையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பெரிய, நல்ல, தெளிவான கண்.

"விசாரிச்சுட்டுச் சொல்றேங்க்கா."

"ரெண்டு மாசமா விசாரிக்காமயா எங்கிட்டக் கைநாட்டு வாங்குன?"

நான் குறிப்பு நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

"எப்பச் சொல்லுவ?"

"இன்னைக்குச் சாயங்காலம். ஆறு மணிக்கு மேல."

"வராட்டி நான் அங்க வருவேன்" என்றாள். அவள் குரலில் இருந்தது மிரட்டல் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வீடு போகும். வீடு போனால் சிம்மக்கல்லில் கடைத்திண்ணை எதுவும் எனக்காகக் காலியாக இல்லை. திறக்காவிட்டால் அடுத்த வருஷம் செவலை மறுபடி எதையாவது மோந்துகொண்டு நிற்கும், அல்லது தூணில் முட்டுகிற ஒரு கன்றுக்குப் பால் கொடுக்கும்.

தூணில் முட்டுகிற கன்று என்று நினைத்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். கொட்டத்தில் எல்லாரும் இருந்தோம். அம்புஜம் மரச்சட்டத்துக்குள் நின்றாள். சுருளி வாலை ஒதுக்கிப் பிடித்திருந்தார். அண்ணி தலைமாட்டில் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார்.

புகை கிளம்பியது. குழாய் ஃபிளாஸ்க்குக்குள் போனது. டாக்டர் உறையை மாட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டாக்டர்," என்றேன், "காலைல கோயில் காளை இதுமேல ஏறிருச்சு. நீங்க வர்றதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி. கேட்டைத் தெறந்து விட்டது நான்."

"ரங்கா, அவனை உள்ள போகச் சொல்லு" என்றார் அண்ணன்.

டாக்டர் உறைக் கையை அந்தரத்தில் நிறுத்தியபடி திரும்பினார். "காலைல வாய் எங்க போச்சு?"

"இங்கதான் இருந்துச்சு டாக்டர். சாப்பாட்டுக்குப் பயந்துகிட்டு."

"எந்தக் கருவுக்கு எது தகப்பன்னு எவன் சொல்லுவான்? பன்னண்டு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நாலு நாள் ஊசி, அத்தனையும் வேஸ்ட். இந்த மாட்டோட உடம்பை நினைச்சுப் பாத்தீங்களாய்யா யாராவது? விளையாட்டா இது?" ஃபிளாஸ்க்கிலிருந்து குழாயை எடுத்துச் சாணிக் கூடையில் எறிந்தார். "இந்தத் தடவை இல்ல. உண்டானதைக் கலைச்சு விட்டுட்டு, மாட்டுக்கு ரெண்டு மாசம் ரெஸ்ட் குடுங்க."

அண்ணன் முகம் வெளுத்தது. நான் நினைத்தேன், முடிந்தது, செவலை தப்பித்தாள், இனி என் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

"ரெண்டு மாசம் கழிச்சு எடுக்கலாம்ல டாக்டர்?" என்றார் அண்ணன்.

"எடுக்கலாம். மாடு மேல தப்பில்ல. மாட்டை வச்சிருக்கறவா மேலதான். அடுத்த தடவை கேட்டுக்குப் பூட்டுப் போடுங்கோ."

அண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "பூட்டு என்ன டாக்டர், ஆளையே மாத்திர்றேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தப்பு எதையும் காப்பாற்றவில்லை. தள்ளிப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். தை மாசம் அதே மாடு, அதே கம்பெனிக் காளை, அதே பன்னிரண்டு வீடு. என் 'நலம்' அதே ஃபைலில், வால் இழுத்தபடி.

"அண்ணே" என்றேன்.

அண்ணியிடம் சொல்லவில்லை. அவரிடமே சொன்னேன். பதினோரு மாதத்தில் முதல் தடவை. சுருளியின் கையிலிருந்து அம்புஜத்தின் வால் நழுவியது.

"அண்ணே, அம்புஜம் போட்ட கன்னுகளுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா? காலைலருந்து மூணு பேர்ட்டக் கேட்டுட்டேன். ஒருத்தரு தண்ணித் தொட்டியப் பாக்கச் சொன்னாரு, அண்ணி தோசை போட்டாங்க, டாக்டரு என் கையெழுத்தைக் காட்டுனாரு. நான் போகாட்டி ஒச்சம்மா இங்கேயே வாரேன்னு சொல்லிருக்கு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

டாக்டர் உறையைப் பாதி கழற்றிய நிலையில் நின்றார்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல அண்ணி பக்கம் திரும்பினார். "ரங்கா, அவன்ட்ட சொல்லு—"

"என்ட்டச் சொல்லாதீங்க" என்றாள் அண்ணி. அம்புஜத்தின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "எக்ஸ்சேஞ்சை மூடியாச்சு." வாளியை எடுத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து விலகி, சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

நடுவில் யாரும் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வயசாகிவிட்டது அவருக்கு, இவ்வளவு நாள் பக்கவாட்டிலேயே பார்த்ததில் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"கிரி" என்றார்.

எங்கள் பாஷையில் சொல்லியிருக்கலாம். டாக்டருக்கும் சுருளிக்கும் ஒரு எழுத்து விளங்கியிருக்காது, விஷயம் வீட்டோடு போயிருக்கும். அதற்குத்தான் அந்தப் பாஷையை வைத்திருக்கிறோம். அண்ணன் தமிழில் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, டாக்டருக்கும் கேட்கிற மாதிரி.

"தெரியாது. மொதக் கன்னுக்கும் தெரியாது, ரெண்டாவதுக்கும் தெரியாது. ரெண்டும் பொறந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சாஸ்திரிகள் தேடி வந்தப்ப நான் ஒளிஞ்சதும் அதுக்குத்தான். நீ கண்ணாடின்னு சொன்னதும், ஒனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னுதான் ஒன் மொகத்தப் பாக்க முடியாம இருந்தேன். கை சுளுக்குன்னது பொய்டா. அந்த வாலைப் பிடிச்சு அப்பாவை அனுப்ப எனக்குக் கை வரல. அதான் ஒன்னையப் பிடிக்க வச்சேன்."